‘ஓவர்வெல்ம்’ என்ற வினைச்சொல்: தமிழில் ஒரே சொல் போதுமா?

தாழைமலர்

வணக்கம். ஒரு பெண்மணியின் தன்வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். வேலை நல்லபடியாகத்தான் போகிறது. ஆனால் ஒரே ஒரு வினைச்சொல் அடிக்கடி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது: ஓவர்வெல்ம். வரும்போதெல்லாம் வேறு முகம் காட்டுகிறது.

தாயார் இறந்ததைச் சொல்லும் இடத்தில் ‘கிரீஃப் ஓவர்வெல்ம்டு மீ’ என்கிறார். இரண்டு பக்கம் தள்ளி, அக்கம்பக்கத்தார் காட்டிய பரிவைப் பற்றி ‘ஐ வாஸ் ஓவர்வெல்ம்டு பை தேர் கைண்ட்னெஸ்’ என்கிறார். பிறகு அவர் வேலை பார்த்த சிறிய மருத்துவமனைக்கு ஒரே இரவில் விபத்தில் அடிபட்டவர்கள் வந்து குவிகிறார்கள்; ‘தி வார்ட் வாஸ் ஓவர்வெல்ம்டு’. இன்னொரு அத்தியாயத்தில் சங்கத்தில் வாக்கெடுப்பு நடக்கிறது. அங்கே ‘ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி’.

அகராதியைத் திறந்தால் மூழ்கடி, ஆட்கொள், திணறடி, நசுக்கு, முறியடி என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறது. எதை எங்கே போடுவது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறாரோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அப்படியானால் தமிழிலும் ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசிவரிசை

திக்குமுக்காடு. இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ‘அன்பில் திக்குமுக்காடிப் போனேன்’, ‘வேலையில் திக்குமுக்காடுகிறேன்’ என்று நல்லதுக்கும் சொல்கிறோம், கஷ்டத்துக்கும் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லும் அப்படித்தானே?

தாழைமலர்

பரிவு வரும் இடத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் ‘துக்கத்தில் திக்குமுக்காடினேன்’ என்று எழுதிப் பார்த்தேன். அம்மா இறந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அதில் ஒரு படபடப்பும் பரபரப்பும் இருக்கிறது. ஆள் அங்குமிங்கும் அலைகிற மாதிரி. அவர் சொல்லும் துக்கத்தில் ஆள் அசையவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேராலமரம்

நல்ல கேள்வி அம்மா. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், சொல்லைத் தேடுவதற்கு முன் இந்த வினை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் நமக்குத் தன்வினை, பிறவினை என்று இரட்டைகள் இருக்கின்றன. திணறினேன், திணறடித்தது. மூழ்கினேன், மூழ்கடித்தது. ஆழ்ந்தேன், ஆழ்த்தியது. ஓவர்வெல்ம் என்ற சொல்லில் இரண்டாவது பாதி மட்டும்தான் உண்டு. அதாவது அது ‘திணறடி’, ‘திணறு’ அல்ல. எது அளவுக்கு மீறி வந்ததோ அதுதான் எழுவாய். யார்மேல் வந்ததோ அவர் செயப்படுபொருள். துக்கம் என்னை ஓவர்வெல்ம் செய்யும். நான் துக்கத்தில் ஓவர்வெல்ம் ஆக முடியாது. ஆள் பக்கமிருந்து சொல்ல வேண்டுமென்றால் செயப்பாட்டுவினைக்குப் போயாக வேண்டும்: ‘ஐ வாஸ் ஓவர்வெல்ம்டு’. நம் மாணவர்கள் ‘ஐ ஓவர்வெல்ம்டு’ என்று எழுதிவிட்டு நிறுத்துவது இதனால்தான். தமிழில் ‘நான் திணறினேன்’ சரியான வாக்கியம். அதே அமைப்பை அங்கே கொண்டுபோய் வைத்தால், யாரைத் திணறடித்தாய் என்று ஆங்கிலம் திருப்பிக் கேட்கும்.

இதையே ‘ஓவர்வெல்மிங்’, ‘ஓவர்வெல்ம்டு’ என்ற ஜோடியிலும் பார்க்கலாம். வேலை ஓவர்வெல்மிங், நான் ஓவர்வெல்ம்டு. மாற்றி ‘ஐ ஆம் ஓவர்வெல்மிங்’ என்று சொன்னால், என்னோடு பழகுவது மற்றவர்களுக்குத் தாங்க முடியாத அனுபவம் என்று பொருளாகிவிடும். போரிங், போர்டு என்ற ஜோடியில் நடக்கிற அதே குழப்பம்தான்.

இன்னொன்று. இதன் பக்கத்து வீட்டுக்காரரான ‘ஓவர்கம்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். ‘ஷி ஓவர்கேம் ஹெர் ஃபியர்’ என்றால் அவள் பயத்தை வென்றாள். ‘ஷி வாஸ் ஓவர்கம் பை ஃபியர்’ என்றால் பயம் அவளை வென்றது. செய்வினையில் மனிதருக்கு வெற்றி, செயப்பாட்டுவினையில் தோல்வி. ஓவர்வெல்ம் அப்படிப் புரள்வதில்லை. துக்கம், பயம், வேலை என்று வந்துவிட்டால் எப்போதும் அந்தப் பெரிய பொருள்தான் ஜெயிக்கிறது. பயத்தை நான் ஓவர்வெல்ம் செய்தேன் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

மனிதர் எழுவாயாக வரும் இடங்களும் உண்டு. ஒரு படை எதிரியை ஓவர்வெல்ம் செய்யும், ஒரு விளையாட்டு வீரர் எதிராளியை. ‘படிப்பவரைத் தகவலால் ஓவர்வெல்ம் செய்யாதே’ என்று எழுத்தாளருக்கு அறிவுரை சொல்வார்கள். அங்கேயும் அந்த மனிதர் ஏதோ ஒன்றை அளவுக்கு மீறிக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

இரவுப்பணி

நான் செவிலியர். வார்டு விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு எங்கள் துறையில் ஒரு கறாரான பொருள் இருக்கிறது.

எங்களைப் பொறுத்தவரை மருத்துவமனை ஓவர்வெல்ம்டு என்றால் யாரும் பதறினார்கள் என்று பொருளில்லை. வந்த நோயாளிகளின் தேவை, இருக்கிற படுக்கை, ஆள், கருவி, ரத்தம் எல்லாவற்றையும் தாண்டிவிட்டது என்று பொருள். பெருவிபத்து என்று அறிவிப்பதே அந்தக் கணக்கை வைத்துத்தான். பத்துப் பேர் அடிபட்டு வந்தால் பெரிய மருத்துவமனை சமாளித்துவிடும். அதே பத்துப் பேர் சின்ன இடத்துக்கு வந்தால் அங்கே அது பேரிடர். எண்ணிக்கை ஒன்றுதான், கொள்ளளவு வேறு. அந்தக் கோட்டைத் தாண்டினவுடன் சிகிச்சை முறையே மாறும். யாருக்கு முதலில் என்று வகைபிரிக்க ஆரம்பிப்போம். ஒருவருக்கு முழுதாகச் செய்வதைவிட அதிகம் பேரைக் காப்பாற்றுவது முக்கியமாகிவிடும்.

2020-ல் கொரோனா வந்தபோது ‘வளைகோட்டைத் தட்டையாக்குவோம்’ என்று உலகம் முழுக்கச் சொன்னது நினைவிருக்கும். ஒரே நேரத்தில் நோயாளிகள் குவிந்து மருத்துவமனைகள் ஓவர்வெல்ம் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மொத்தத்தில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பது ஒரு கேள்வி, ஒரே வாரத்தில் எத்தனை பேர் வாசலில் நிற்பார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் இந்தச் சொல் குறிப்பது.

அதனால் தாழைமலர் அக்கா, ‘வார்டு திணறியது’ என்று எழுதுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். ‘பதில் சொல்லத் திணறினார்’ என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். திணறல் என்றாலே திறமைக்குறைவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. அன்று அந்த வார்டில் நின்றவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். அவர்கள் மேல் அந்தக் கறை படக்கூடாது என்பது என் ஆசை.

கடைசிவரிசை

இதை நான் ஏற்கவில்லை. செய்தித்தாள்களில் ‘நோயாளிகள் குவிந்ததால் மருத்துவமனைகள் திணறின’ என்று படித்தபோது யாருக்காவது செவிலியர்மேல் குறை தோன்றியதா? திணறல் என்பது மூச்சு சம்பந்தப்பட்ட சொல். மூச்சுத்திணறல் வந்தவரை யாரும் திறமையில்லாதவர் என்று சொல்வதில்லை. வாக்கியத்தில் காரணம் முன்னால் வந்துவிட்டால் பழி தானாக அங்கே போய்விடும்.

இரவுப்பணி

காரணம் முன்னால் வந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூலத்தில் ‘தி வார்ட் வாஸ் ஓவர்வெல்ம்டு’ என்று மொட்டையாக நிற்கிறது. காரணம் முந்தைய வாக்கியத்தில் இருக்கிறது. தனியாக ‘வார்டு திணறியது’ என்று வந்தால் என் காதுக்கு இன்னும் உறுத்துகிறது. ‘வார்டு தாங்கவில்லை’ எப்படி? தாங்கு என்ற சொல்லில் கொள்ளளவு இருக்கிறது, பழி இல்லை.

நிரல்நெசவு

‘தாங்கவில்லை’ எனக்கும் பிடித்திருக்கிறது. கணினிப் பக்கத்திலிருந்து ஒரு தகவல்.

ஒரு சர்வர் ஒரு நொடிக்கு இத்தனை கோரிக்கைகளுக்குத்தான் பதில் கொடுக்க முடியும் என்று ஓர் எல்லை இருக்கும். டிடாஸ் தாக்குதலில் பல்லாயிரம் இயந்திரங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பி அந்த எல்லையைத் தாண்டவைப்பார்கள். அந்த விளக்கங்களில் எல்லாம் இதே வினைதான் வரும், சர்வரை ஓவர்வெல்ம் செய்வது என்று. தமிழில் பெரும்பாலும் ‘சர்வர் முடங்கியது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் முடங்குவது விளைவு. ஓவர்வெல்ம் ஆன சர்வர் உடனே நின்றுவிடாது. முதலில் பதில் தாமதமாகும், வரிசை நீளும், சில கோரிக்கைகள் கீழே விழும். கடைசியில் வேண்டுமானால் நிற்கும். சில சமயம் நிற்காமல் மெதுவாக மீண்டும் வந்துவிடும். வார்டும் அன்று இரவு மூடப்படவில்லைதானே? ‘நிலைகுலைந்தது’, ‘முடங்கியது’ போன்ற சொற்களைப் போட்டால் கதை ஒரு படி முன்னால் ஓடிவிடும்.

வேர்தேடி

வேர் பார்க்கலாம். இந்தச் சொல்லின் பழைய பொருளில் நமக்கு ஒரு நல்ல விருந்து இருக்கிறது.

‘ஓவர்’ போனால் மிச்சம் ‘வெல்ம்’. இடைக்கால ஆங்கிலத்தில் அது தனியாகவே வழங்கிய சொல். ஒரு பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்புவது, அப்படித் திருப்பி எதன் மேலாவது மூடுவது என்று பொருள். ‘ஓவர்வெல்ம்’ 14-ஆம் நூற்றாண்டில் வரும்போது தலைகீழாக்குவது, புரட்டிப்போடுவது என்ற பொருளில் வருகிறது. பிறகு அலை படகைப் புரட்டி மூடுவதற்குப் போகிறது, அதிலிருந்து நீரில் முழுதாக அமிழ்த்துவது, அதிலிருந்து உணர்ச்சி மனிதனை அமிழ்த்துவது.

இப்போது தமிழைப் பாருங்கள். கவிழ். பாத்திரத்தைக் கவிழ்க்கிறோம், படகு கவிழ்கிறது, கூடையைக் கவிழ்த்துக் கோழிக்குஞ்சை மூடுகிறோம். ஆங்கிலத்துக்கும் நமக்கும் உறவே இல்லாத நிலையில், ஒரே கைச்செயலிலிருந்து இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி சொல்லை எடுத்திருக்கின்றன. பக்கத்திலேயே ‘கவி’ என்ற வினையும் இருக்கிறது. மேகம் கவிந்தது, இருள் கவிந்தது, சோகம் கவிந்தது.

கூடவே, வெள்ளமாய் வந்து நிரப்புவதைச் சொல்லும் ‘இனண்டேட்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அகராதிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருளாகக் கொடுத்துக் குழப்பும். அதன் வேர், லத்தீனில் அலை என்று பொருள்படும் ‘உண்டா’ என்ற சொல். அதே அலைதான் ‘அபண்டன்ட்’, ‘ரிடண்டன்ட்’, ‘அண்டுலேட்’ ஆகியவற்றிலும் இருக்கிறது. பலர் எதிர்பார்க்காத ஒன்று: ‘சரவுண்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். முதலில் அதற்கு நீர் நிரம்பி வழிவது என்றே பொருள். ‘ரவுண்ட்’ என்ற சொல்லின் ஓசை ஒட்டிக்கொண்டதால் சூழ்வது என்று பிற்பாடு மாறிவிட்டது.

ஆக, இனண்டேட்டில் இருப்பது வெள்ளம் மட்டும். எவ்வளவு வந்தது என்று சொல்லும். வந்ததால் உனக்கு என்ன ஆனது என்று சொல்லாது. விண்ணப்பங்கள் வெள்ளமாய் வந்தன, ஆனாலும் சமாளித்துவிட்டோம் என்று சொல்ல இனண்டேட்டட் சரிவரும். ஓவர்வெல்ம்டு என்று சொல்லிவிட்டால் பிறகு ‘சமாளித்துவிட்டோம்’ என்று சேர்ப்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இனண்டேட்டட்டோடு துக்கமோ மகிழ்ச்சியோ சாதாரணமாக வராது. கடிதம், அழைப்பு, புகார், கோரிக்கை என்று எண்ணக்கூடியவைதான் வரும்.

தாழைமலர்

வேர்தேடி ஐயா, கவிழ் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உடனே துக்க வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் இருந்தது: ‘துக்கம் என்னை மூழ்கடித்தது.’ தேய்ந்துபோன வாக்கியம். எத்தனையோ கதைகளில் படித்தாகிவிட்டது, கண் அதன்மேல் நிற்காமல் ஓடிவிடும்.

‘துக்கம் என்னை ஆட்கொண்டது.’ இதில் எனக்கு ஒரு தயக்கம். ஆட்கொள்வது இறைவன் அடியாரைத் தனக்குரியவராக ஏற்றுக்கொள்வதற்கு நாம் வைத்திருக்கும் சொல். அதில் ஓர் அருள் இருக்கிறது. அவர் துக்கத்தில் அப்படி ஏதும் இல்லை.

‘துக்கம் என்மேல் கவிந்தது.’ அழகாக இருக்கிறது. ஆனால் சத்தமாகப் படித்தால் மெல்ல வந்து இறங்கின மாதிரி ஒலிக்கிறது. மூலத்தில் அவர் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார், தொலைபேசி வருகிறது, அந்த நிமிடமே எல்லாம் நடந்துவிடுகிறது.

பேராலமரம்

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கவிதல் இருளைப் போல மெல்ல வருவது. ஓவர்வெல்ம் என்பதில் வேகத்தைவிட எடை முக்கியம். ஆனால் எடை வந்து விழுந்த உணர்வு இருக்க வேண்டும்.

கூடவே முன்னிடைச்சொல் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ‘பை’, ‘வித்’ இரண்டும் வரும், பல இடங்களில் எதைப் போட்டாலும் தவறில்லை. ஆனால் ஒரு சாய்வு உண்டு. ‘பை’ என்றால் அது செய்த கர்த்தா. எதிரிப்படை, கூட்டம், சத்தம், மக்கள் காட்டிய ஆதரவு. ‘வித்’ என்றால் எதனால் நிரப்பப்பட்டோமோ அது; வேலை, கடிதங்கள், நன்றியுணர்வு, குற்றவுணர்வு. செய்வினையில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும். ‘தே ஓவர்வெல்ம்டு அஸ் வித் கிஃப்ட்ஸ்’ என்னும்போது செய்தவர்கள் அவர்கள், கொட்டியது பரிசு. எதிரியைச் சொல்லும்போது ‘வித்’ போட்டால் எதிரியைக் கொண்டுவந்து யாரோ நம்மேல் கொட்டினார்கள் என்றாகும்.

உங்கள் ஆசிரியர் பரிவுக்கு ‘பை’ போட்டிருக்கிறார். அங்கே பரிவு ஒரு செயலாக வெளியிலிருந்து வருகிறது. ஆகவே தமிழில் பரிவை எழுவாயாக வைக்கலாம்: ‘அவர்கள் காட்டிய பரிவு என்னைத் திக்குமுக்காட வைத்தது.’ கடைசிவரிசை சொன்ன சொல்லுக்கு அதுதான் இடம்.

பத்தித்திருத்தி

நான் மெய்ப்பு பார்ப்பவள். வாக்கெடுப்பு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘ஓவர்வெல்மிங் மெஜாரிட்டி’ என்பதில் யாரும் திணறவில்லை, அங்கே உணர்ச்சியும் கிடையாது. ‘பெருவாரியான வாக்குகள்’, ‘மிகப் பெரும்பான்மை’ போதும். ‘அமோக ஆதரவு’ என்று மேடையில் சொல்லலாம், தன்வரலாற்றில் அது கொஞ்சம் சுவரொட்டி வாடை அடிக்கும். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை என்பதுபோல இதற்கு வரையறுத்த கணக்கு ஏதும் இல்லை. எதிர்த்தரப்பு பக்கத்தில்கூட வரமுடியாத அளவு என்பதுதான் கருத்து. ‘ஓவர்வெல்மிங் எவிடென்ஸ்’ வந்தால் ‘மறுக்க முடியாத சான்றுகள்’. ‘ஓவர்வெல்மிங் ஃபோர்ஸ்’ என்பது 1991 வளைகுடாப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத் தளபதி கோலின் பாவெல் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொற்றொடர். அதற்கு ‘எதிரியால் ஈடுகொடுக்க முடியாத படைபலம்’. இவை எல்லாவற்றிலும் தமிழ் ‘முடியாத’ என்ற எதிர்மறையைத் தேடிப் போகிறது பாருங்கள். தாங்க முடியாத, மறுக்க முடியாத, ஈடுகொடுக்க முடியாத.

ஆனால் ஒரே சொல் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் இது அன்றாடச் சொல். ஒரு புத்தகத்தில் நாலு இடத்தில் வந்தால் ஆசிரியர் அதைத் திட்டமிட்டுத் தொடுத்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேர்தேடி

பத்தித்திருத்தி சொன்னதற்கு வலுசேர்க்கும் ஒரு முன்னுதாரணம். 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் சங்கீதம் 55:5-இலும் 61:2-இலும் ஓவர்வெல்ம்டு என்ற இதே சொல் இருக்கிறது. முதலாவதில் திகில் மூடுகிறது, இரண்டாவதில் இருதயம் சோர்கிறது. மூலமான எபிரேயத்தில் அவை இரண்டும் வேறு வேறு வினைச்சொற்கள். தமிழ் பைபிளில் முதலாவது ‘அருக்களிப்பு என்னை மூடிற்று’ என்று இருக்கிறது. இரண்டாவது ‘என் இருதயம் தொய்யும்போது’. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டாகவே வைத்திருக்கிறது.

மூடிற்று. அந்த ஒற்றைச் சொல்லில் வெல்ம் என்பதன் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. தொய்தல் இன்னும் அருமை. பாரம் ஏறிய கயிறு தொய்வதைக் கண்ணால் பார்த்த மொழி அது.

தாழைமலர்

ஆனால் முற்றிலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவர் செவிலியராக இருந்தவர். வார்டுக்குச் சொன்ன அதே சொல்லைத் தன் துக்கத்துக்கும் சொல்கிறார். இரவுப்பணி எழுதியதைப் படித்த பிறகு அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தேவை கொள்ளளவைத் தாண்டிவிட்டது என்று வேலையில் பழகிய பொருளிலேயே தன் நெஞ்சையும் பார்க்கிறாரோ?

இரவுப்பணி

இருக்கலாம் அக்கா. எங்களில் பலர் அப்படித்தான் பேசுவோம். வீட்டு விஷயத்துக்கும் வார்டுச் சொல்தான் முதலில் வாயில் வரும். அப்படியென்றால் ‘தாங்கு’ என்ற வினையை இரண்டு இடத்திலும் வைக்கலாமே? வார்டு தாங்கவில்லை. நெஞ்சு தாங்கவில்லை. இரண்டும் நாம் தினமும் சொல்கிற தமிழ்.

பத்தித்திருத்தி

இந்த இரண்டுக்கு மட்டும் ஒரே வினை என்றால் எனக்கு மறுப்பில்லை. அதற்கு உரையிலேயே காரணம் இருக்கிறது. பரிவையும் வாக்கெடுப்பையும் அதில் இழுக்க வேண்டாம்.

கடைசிவரிசை

‘நெஞ்சு தாங்கவில்லை’ கொஞ்சம் ஒப்பாரித்தனமாகப் போய்விடாதா? அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று நீங்களே எழுதினீர்கள்.

தாழைமலர்

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ‘நெஞ்சு’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி நிற்கிறது: ‘தொலைபேசியைக் கீழே வைத்தேன். துக்கம் வந்து விழுந்தது. தாங்கும் அளவில் இல்லை.’ ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம், தமிழில் மூன்றாகிவிட்டது. ஆனால் அவருடைய நடை குட்டை வாக்கியங்களால் ஆனதுதான், அதனால் உறுத்தவில்லை. வார்டுக்கு: ‘நள்ளிரவுக்குள் வார்டு தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது.’ இரண்டையும் ‘தாங்கும் அளவு’ இணைக்கிறது. கவனித்துப் படிப்பவர் கண்டுபிடிப்பார், மற்றவருக்கும் நஷ்டமில்லை. பரிவுக்குத் திக்குமுக்காட வைத்தது, வாக்கெடுப்புக்குப் பெருவாரி. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுவரவு

அருமையான விவாதம். நடுவில் ஒரு நடைமுறைக் கேள்வி. அலுவலக மின்னஞ்சலில் வேலை அதிகம் என்று சொல்ல ‘ஐ ஆம் ஓவர்வெல்ம்டு’ எழுதலாமா? ‘ஸ்வாம்ப்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பேராலமரம்

ஒன்றல்ல தம்பி. ‘ஸ்வாம்ப்டு’ என்றால் தலைக்கு மேல் வேலை, இப்போது நேரமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம். சாதாரணப் பேச்சு. கேட்பவர் பதற மாட்டார். ‘ஓவர்வெல்ம்டு’ என்றால் என்னால் சமாளிக்க முடியவில்லை என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. கேட்பவர் நல்லவராக இருந்தால் என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். ஆகவே உதவி தேவைப்படும்போது எழுதுங்கள், தாமதத்துக்குக் காரணம் சொல்ல எழுதாதீர்கள். ‘ஓவர்வொர்க்ட்’ என்று எழுதினால் பழி வேலை கொடுத்தவர் பக்கம் போகும். ஓவர்வெல்ம்டு உங்கள் நிலையை மட்டும் சொல்லும்.

‘அ பிட் ஓவர்வெல்ம்டு’ என்றும் நிறையப் பேர் எழுதுவார்கள். முழுக்க மூடிவிட்ட ஒன்றைக் ‘கொஞ்சம்’ என்று எப்படிச் சொல்வது என்று தர்க்கம் கேட்கும். ஆனால் வழக்கில் அது நிலைத்துவிட்டது. கடுமையைக் குறைத்து, உதவி கேட்பதை எளிதாக்கும் பணிவு அது. எழுதுங்கள், தவறில்லை.

நன்றியுரையில் என்றால் தாராளமாக ‘ஐ ஆம் ஓவர்வெல்ம்டு’ என்று தனியாகவே சொல்லலாம். எதனால் என்று சொல்லாவிட்டாலும் சூழல் சொல்லிவிடும்.

நிரல்நெசவு

ஒரு சேர்க்கை. இப்போதெல்லாம் ‘ஐ ஆம் இன் ஓவர்வெல்ம்’ என்று பெயர்ச்சொல்லாகவும் எழுதுகிறார்கள், முக்கியமாக மனநலம், சுயமுன்னேற்றம் பற்றிய எழுத்தில். அலுவலக மின்னஞ்சலில் அதைத் தவிர்ப்பது நல்லது. பழைய தலைமுறை மேலாளர்கள் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

புதுவரவு

மிக்க நன்றி ஐயா. உச்சரிப்பையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் ‘அண்டர்வெல்ம்’ என்று ஒரு சொல்லைப் பார்த்தேன். அது உண்மையான சொல்லா?

வேர்தேடி

அழுத்தம் கடைசியில்: ஓவர்-வெல்ம். லகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் உயிர் கிடையாது. ‘வெலம்’ என்று விரித்துச் சொல்வது நம் நாக்கின் பழக்கம், ‘ஃபில்ம்’ என்பதை ‘ஃபிலிம்’ என்று சொல்லும் அதே பழக்கம். ‘வெல்’ என்று சொல்லிவிட்டு நாக்கை எடுக்காமல் அப்படியே உதட்டை மூடுங்கள், வந்துவிடும். எழுத்தில் நடுவே இருக்கும் ஹெச் பெரும்பாலோர் பேச்சில் ஒலிப்பதில்லை.

அண்டர்வெல்ம் உண்மையான சொல்தான். 20-ஆம் நூற்றாண்டில் ஓவர்வெல்மைப் பார்த்து வேடிக்கையாக உருவாக்கியது, இப்போது எல்லா அகராதியிலும் இருக்கிறது. எதிர்பார்த்த அளவு மனதைத் தொடவில்லை என்று பொருள். ‘ஐ வாஸ் அண்டர்வெல்ம்டு’ என்றால் சப்பென்று போய்விட்டது. விமர்சனம் எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சுருக்கென்று தைக்கும். நடுவில் இருக்கும் வெறும் ‘வெல்ம்’ என்ற வினை இன்றைய பேச்சில் அநேகமாக இல்லை. பழைய கவிதைகளில் வந்தால் மூழ்கடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.